கையைக் குறை சொல்லும் முன்

ஓய்வு பெற்று ஐந்து வருஷம் கழித்து, போன மாதம்தான் முதல்முறையாக என் கையால் வெல்டிங் செய்தேன். மொட்டை மாடியில் பூந்தொட்டிகள் வைக்க ஒரு ஸ்டாண்ட். சிரிக்காதீர்கள். முப்பத்திரண்டு வருஷம் வெல்டிங் இன்ஸ்பெக்டராக இருந்தவன்தான் நான். ஆயிரக்கணக்கான ஜாயிண்டுகளைப் பார்த்து "சரி", "சரியில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன். ஆனால் அந்த வேலைக்கு ஹோல்டர் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நீச்சல் தெரியாமலே நீச்சல் போட்டிக்கு நடுவராக இருந்தது போலத்தான்.

ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு தெருமுனைப் பட்டறைக்குப் போனேன். அந்தப் பட்டறைக்காரர் என்னைவிட இருபது வயது சின்னவர். கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்பவர். ஸ்டாண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் கேட்டார்:

"பத்தாம் நம்பர் ராடா சார், பன்னெண்டா?"

"பத்து."

"எவ்ளோ ஆம்பியர் வெச்சீங்க?"

சொன்னேன்.

"பைப்புல பெயிண்ட்டைச் சுரண்டுனீங்களா?"

சுரண்டவில்லை.

இந்த மூன்றையும் கேட்ட பிறகுதான் குறை சொல்ல ஆரம்பித்தார். அவர் சொன்னதைக் கடைசியில் எழுதுகிறேன். அந்த மூன்று கேள்விகளைக் கேட்டபோது எனக்கு ஒரு கப்பல் ஞாபகம் வந்தது. கூடவே ஒரு பையனின் முகமும். இன்றைய கட்டுரை அந்த இரண்டையும் பற்றியது.

துறைமுகத்தில் உடைந்த கப்பல்

1943, ஜனவரி 16. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் போர்ட்லண்ட் நகரம். அங்கே ஸ்வான் ஐலண்ட் என்ற இடத்தில் ஹென்றி கைசரின் கப்பல் கட்டும் தளம். புத்தம் புதிய எண்ணெய்க் கப்பல் ஒன்று அங்கே கட்டிப் போடப்பட்டிருந்தது. பெயர் ஸ்கெனெக்டடி. இரண்டு வாரத்துக்கு முன்புதான் வேலை முடிந்தது. வெள்ளோட்டமும் முடித்துத் திரும்பியிருந்தது. அலை இல்லை, புயல் இல்லை. குளிர்கால இரவு, அவ்வளவுதான்.

திடீரென்று பெரிய சத்தம். ஒரு மைல் தூரத்துக்குக் கேட்டதாம். பார்த்தால் கப்பல் நடுவில் முறிந்து கிடக்கிறது. மேல்தளமும் இரண்டு பக்கத் தகடுகளும் பிளந்துவிட்டன. அடித்தகடு மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. முனையும் பின்பக்கமும் தண்ணீரில் இறங்க, நடுப்பகுதி தண்ணீருக்கு மேலே எழும்பி நின்றது. அந்தப் புகைப்படத்தை எங்கள் பயிற்சி வகுப்பில் காட்டினார்கள். வெல்டிங் படித்தவர்களில் அதைப் பார்க்காதவர்கள் குறைவு.

குண்டு போட்டு உடைந்திருந்தால் யாரும் காரணம் தேடியிருக்க மாட்டார்கள். சும்மா நின்ற கப்பல் உடைந்தால் கேள்வி வரத்தானே செய்யும்? கேள்வி வந்தது. முதலில் சுட்டு விரல் நீண்டது வெல்டர்களை நோக்கி.

யார் அந்த வெல்டர்கள்?

அது இரண்டாம் உலகப் போர்க் காலம். அட்லாண்டிக் கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தன. மூழ்குவதைவிட வேகமாகக் கட்ட வேண்டும். அப்படிப் பிறந்தவைதான் லிபர்ட்டி கப்பல்கள். முதல் கப்பலான பேட்ரிக் ஹென்றி 1941 செப்டம்பரில் நீரில் இறங்கியது. போர் முடிவதற்குள் 2,700க்கும் மேல் கட்டிவிட்டார்கள். ராபர்ட் ஈ. பியரி என்ற கப்பலை 1942 நவம்பரில் ஐந்து நாளுக்குள் கட்டி நீரில் இறக்கினார்கள். அது விளம்பரத்துக்காகச் செய்த சாதனை. ஆனால் மற்றவைகூட வாரக் கணக்கில் முடிந்தன.

இந்த வேகத்துக்குக் காரணம் வெல்டிங். அதற்கு முன் கப்பல் என்றால் ரிவெட் அடித்துச் சேர்ப்பதுதான். முழுக்க வெல்டிங் செய்த கடற்கப்பல் ஒன்றை, ஃபுல்லகர் என்று பெயர், இங்கிலாந்தில் 1920லேயே கட்டிவிட்டார்கள் என்றாலும் பழைய கப்பல்காரர்களுக்கு அதில் முழு நம்பிக்கை வரவில்லை. ரிவெட் வேலைக்கு அனுபவசாலிக் குழு வேண்டும். வெல்டிங்குக்கு ஒருவர் போதும். கற்றுக்கொள்ளவும் குறைந்த நாள் போதும்.

அப்படிக் கற்றுக்கொண்டவர்கள் யார்? விவசாயிகள், கடைச் சிப்பந்திகள், அதுவரை வீட்டை விட்டு வேலைக்குப் போகாத பெண்கள். பெண்கள் மட்டுமே ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். சில வாரப் பயிற்சி. பிறகு நேராகக் கப்பல். இன்றைய கணக்கில் எல்லாரும் கத்துக்குட்டிகள்தான்.

கைசரின் தளங்களில் ஒரு நல்ல யோசனை செய்தார்கள். வெல்டிங்கில் தலைக்கு மேலே பார்த்துச் செய்வதுதான் கஷ்டம். உருகிய இரும்பு மேலே ஒட்டாமல் கீழே வடியும், சட்டைக்குள் விழும். குனிந்து கீழே பார்த்துச் செய்வது சுலபம். புது ஆட்களுக்கு மேல்வேலை வரவில்லை என்றதும், "இவர்களுக்குத் தெரியவில்லை" என்று திட்டிக்கொண்டு நிற்கவில்லை. கப்பலைப் பெரிய பெரிய துண்டுகளாகத் தரையிலேயே செய்தார்கள். துண்டை கிரேனால் புரட்டி, வெல்டிங் செய்ய வேண்டிய இடம் மேலே பார்க்கும்படி வைத்தார்கள். வெல்டர் குனிந்தே வேலையை முடித்தார். பிறகு அந்தத் துண்டுகளைத் தூக்கிவைத்து இணைத்தார்கள். கத்துக்குட்டி வெல்டர்களைப் பற்றி வந்த விமர்சனத்துக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

குறை எங்கே இருந்தது?

ஸ்கெனெக்டடி உடைந்ததும் வந்த முதல் விளக்கம், வெல்டிங் சரியில்லை என்பது. அது முழுப் பொய்யும் அல்ல. அவசரத்தில் செய்த வேலையில் குறைகள் இருந்தன. அதே வருஷம் மார்ச்சில் எஸ்ஸோ மன்ஹாட்டன் என்ற இன்னொரு எண்ணெய்க் கப்பல் நியூயார்க் துறைமுக வாசலில் இரண்டாக உடைந்தது. லிபர்ட்டி கப்பல்களிலும் விரிசல் செய்திகள் வரத் தொடங்கின. "கடைச் சிப்பந்தியைக் கூட்டிவந்து கப்பல் கட்டினால் இப்படித்தான் ஆகும்" என்று சொல்வது யாருக்கும் சுலபம்.

ஆனால் அதே மார்ச்சில், பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி ஆன ட்ரூமன் தலைமையிலான செனட் குழு விசாரித்தபோது வேறொன்று வெளியே வந்தது. ஓர் உருக்காலையில் தகடுகளின் சோதனை முடிவுகளைத் திருத்தி எழுதும் வழக்கம் இருந்திருக்கிறது. வெல்டரின் கையைப் பற்றிப் பேசியவர்கள் கொஞ்சம் தகட்டையும் பார்க்க ஆரம்பித்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு பெண்மணி வருகிறார். கான்ஸ்டன்ஸ் டிப்பர். 1894ல் பிறந்தவர். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உலோகவியலாளர். உடைந்த தகடுகளை எடுத்து, வெவ்வேறு குளிர்நிலையில் சோதித்துப் பார்த்தார். அவர் காட்டியது இதுதான்: அந்தக் காலத்துக் கப்பல் இரும்பு சாதாரண வெப்பத்தில் வளையும், நீளும், பிறகுதான் அறும். ஆனால் ஒரு குறிப்பிட்ட குளிருக்குக் கீழே போனால் அதே இரும்பு வளையாமல் கண்ணாடி போலப் படீரென்று உடையும். எங்காவது ஒரு கீறலோ கூர்மையான மூலையோ இருந்தால் போதும், உடைப்பு அங்கிருந்து கிளம்பும். வட அட்லாண்டிக்கின் குளிர் அதற்கு ஏற்ற குளிர்.

கூர்மையான மூலைகள் எங்கே இருந்தன? வரைபடத்திலேயே இருந்தன. சரக்கு இறக்கும் வாய்களை மேல்தளத்தில் சதுரமாக வெட்டியிருந்தார்கள். சதுரத்தின் ஒவ்வொரு மூலையிலும் இழுவிசை குவியும். துணியை ஓரத்தில் கத்தரியால் கொஞ்சம் வெட்டிவிட்டு இழுத்தால் கிழிசல் அந்த வெட்டிலிருந்துதானே ஓடும்? அதே கதை. பல கப்பல்களில் விரிசல் இந்த மூலைகளில் தொடங்கியது.

இன்னொன்று. ரிவெட் கப்பலில் ஒரு தகடு விரிந்தால், விரிசல் அந்தத் தகட்டின் ஓரத்தோடு பெரும்பாலும் நின்றுவிடும். அடுத்த தகடு தனி. வெல்டிங் கப்பலில் எல்லாம் ஒரே தகடு மாதிரி. விரிசல் ஓடத் தொடங்கினால் நிறுத்த வேலி கிடையாது. வெல்டிங் நன்றாக இருப்பதே விரிசலுக்குப் பாதை போட்டுக் கொடுத்தது!

1946ல் அமெரிக்க விசாரணைக் குழு இறுதி அறிக்கை கொடுத்தது. ஏறக்குறைய 4,700 வெல்டிங் கப்பல்களை ஆராய்ந்ததில், ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான கப்பல்களில் ஏதோ ஒரு வகை விரிசல். பெரும்பாலானவை சின்னவை, சரி செய்யக்கூடியவை. காரணம் ஒன்றல்ல என்றார்கள். கீறலைத் தாங்காத இரும்பு, விசை குவியும் வடிவமைப்பு, இவற்றோடு மோசமான வெல்டிங்கும் ஒன்று. கத்துக்குட்டிகளைக் குழு முழுதாக விடுவிக்கவில்லை. ஆனால் குற்றவாளிக் கூண்டில் அவர்களை மட்டும் நிறுத்தவும் இல்லை.

பரிகாரமும் அதற்கேற்ப வந்தது. சதுர மூலைகளை வளைவாக்கினார்கள். சில இடங்களில் விரிசலை நிறுத்துவதற்கென்றே ரிவெட் அடித்த பட்டைகளைச் சேர்த்தார்கள். தகட்டின் தரத்தைக் குளிரிலும் சோதிக்க ஆரம்பித்தார்கள். நாட்ச் போட்ட சின்னத் துண்டைச் சுத்தியல் ஊசலால் அடித்து உடைக்கும் சார்பி சோதனை 1900களின் தொடக்கத்திலிருந்தே உண்டு. கப்பல் இரும்பில் அதற்கு முக்கிய இடம் வந்தது இந்த அனுபவத்துக்குப் பிறகுதான். வெல்டர் பயிற்சியும் மேற்பார்வையும் கூட்டப்பட்டன.

உடைந்த ஸ்கெனெக்டடியையே சரி செய்து மறுபடியும் ஓட்டினார்கள். 1962 வரை அது இருந்தது. லிபர்ட்டி கப்பல்களில் ஜெரமையா ஓ'பிரையன் இன்றும் சான் ஃபிரான்சிஸ்கோவில் மிதக்கிறது. 1994ல் அது தன் சொந்த எஞ்சினிலேயே கடல் கடந்து நார்மண்டி ஐம்பதாம் ஆண்டு விழாவுக்குப் போய்த் திரும்பியது. அவசர யுத்த வேலையில் போட்ட பற்றுகள் எண்பது வருஷம் தாண்டி இன்னும் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

என் கணக்கு

இந்தக் கதையை நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷமே படித்திருந்தேன். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். படித்தது வேறு, புரிந்தது வேறு.

திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு நடுத்தரக் கம்பெனியில் இருந்தேன். பெயர் வேண்டாம். பிரஷர் வெசல் வேலை. ஒரு ஐப்பசி மாதம், அப்ரண்டிஸ் பையன் ஒருவன் வெல்டர் தேர்வுக்கு வந்தான். ஐ.டி.ஐ. முடித்தவன், பத்தொன்பது வயது. டெஸ்ட் பிளேட் அடித்தான். மேலே பார்க்க பீட் ஒழுங்காக இருந்தது. எக்ஸ்ரே ஃபிலிமைப் போட்டுப் பார்த்தால் உள்ளே முழுக்கப் பொடிப் பொடியாக ஓட்டைகள். போரோசிட்டி என்போம். காற்றுக் குமிழிகள் சிக்கிக்கொண்டு உறைந்தது.

இன்னொரு வாய்ப்புக் கொடுத்தோம். அதிலும் ஓட்டை. மூன்றாவதிலும் ஓட்டை.

ஃபிலிமை விளக்குப் பெட்டியில் வைத்து, ஷாப்பில் பத்துப் பேர் நிற்கும்போது சொன்னேன்: "தம்பி, உன் கை வெல்டிங்குக்கு ஆகாது. வேற டிரேடு பாத்துக்க." அவன் ஒன்றும் சொல்லவில்லை. "சரி சார்" என்றான். ஃபிட்டிங் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

பத்து நாள் கழித்து எங்கள் மூத்த வெல்டர் இருவரின் ஜாயிண்டுகளில் அதே ஓட்டை. இருபது வருஷ அனுபவம் உள்ளவர்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர்கள் கையைக் குறை சொல்லவில்லை. அப்படித் தோன்றவே இல்லை. நேராக ஸ்டோருக்குப் போனேன். அங்கே ராடு காயவைக்கும் ஓவனைத் திறந்தால் உள்ளே ஜில்லென்று இருக்கிறது. சிவப்பு விளக்கு எரிகிறது, சூடு இல்லை. நாங்கள் அடித்தது 7018 ராடு. அதன் பூச்சு ஈரத்தை இழுக்கும். முந்நூறு டிகிரிக்கு மேல் காயவைத்து, சூடு ஆறுவதற்குள் அடிக்க வேண்டியது. அடைமழைக் காலத்தில் ஈர ராடைக் கொடுத்துவிட்டு ஓட்டை வருகிறது என்றால் யார் தப்பு?

ஓவனைச் சரி செய்தோம். மூத்தவர்களின் ஜாயிண்டுகளைத் தோண்டி மறுபடி அடித்தார்கள். ஃபிலிம் சுத்தமாக வந்தது. நான் அறிக்கை எழுதினேன். நல்ல அறிக்கை என்று மேனேஜர் பாராட்டினார்.

அந்தப் பையனைக் கூப்பிட்டு மறுபடியும் ஒரு பிளேட் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. பத்துப் பேர் முன்னால் சொன்னதைப் பத்துப் பேர் முன்னால் திருப்பி வாங்க வேண்டுமே என்ற கூச்சம்.

ஒரே குறை. மூத்தவர் செய்தால் காரணம் தேடினேன். கத்துக்குட்டி செய்தால் அவனையே காரணமாக்கினேன். போர்ட்லண்டில் முதலில் நடந்ததும் இதுதான். அங்கே அதைத் திருத்த ஒரு டிப்பர் இருந்தார்.

அவன் நல்ல ஃபிட்டர் ஆனான். அதே கம்பெனியில் எனக்குப் பிறகும் இருந்தான். என் பிரிவுபசார விழாவில் மாலை போட்டுவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு, சிரித்தபடியே சொன்னான்: "சார், அந்த வருஷம் ஓவன் ரிப்பேர்னு எனக்கு அப்பவே ஸ்டோர் அண்ணன் சொல்லிட்டாரு." அவ்வளவுதான். சாப்பிடப் போய்விட்டான். எனக்கு அன்றைக்கு இலையில் என்ன போட்டார்கள் என்றே ஞாபகம் இல்லை.

குறை சொல்வதும் கேட்பதும்

இப்போது நிறையப் பேர் சின்ன இன்வெர்ட்டர் மெஷின் வாங்கி வீட்டிலேயே வெல்டிங் பழகுகிறார்கள். முடித்ததும் யாரிடமாவது காட்டி "எப்படி இருக்கு?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்கும், பதில் சொல்பவர்களுக்கும், என் அனுபவத்தில் சில வார்த்தை.

கேட்பவர் முழு விவரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். ராடு எது, தகடு எவ்வளவு கனம், எத்தனை ஆம்பியர், துரு, பெயிண்ட் எடுத்தீர்களா. கிரைண்டர் போட்டு வழவழப்பாக்கி, பெயிண்ட் அடித்துவிட்டுக் காட்டாதீர்கள். அது டாக்டரிடம் போகும் முன் மாத்திரை போட்டுக் காய்ச்சலைக் குறைத்துக்கொண்டு போவது மாதிரி. ஒரே மாதிரித் துண்டுகளில் இரண்டை அறுத்தோ உடைத்தோ பார்ப்பது இன்னும் நல்லது. மேலே அழகாக இருக்கும் பீட் உள்ளே பிடிக்காமல் இருக்கலாம். மேலே அசிங்கமாக இருப்பது கெட்டியாகவும் இருக்கலாம்.

சொல்பவர் இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள். "மோசம்" என்பது விமர்சனம் இல்லை. "இந்த ஓரத்தில் பள்ளம் விழுந்திருக்கிறது, ஆம்பியர் அதிகமாக இருந்திருக்கலாம்" என்பதுதான் விமர்சனம். காரணம் தெரியாவிட்டால் கேளுங்கள். ஆனால் உயிருக்கு ஆபத்தான வேலை என்றால் இனிப்புத் தடவாதீர்கள். ஏணி, ஊஞ்சல், வண்டி டிரெய்லர், காற்று டேங்க், இவற்றில் சந்தேகம் இருந்தால் "இதை உபயோகிக்காதே" என்று நேராகச் சொல்ல வேண்டும். வேலையைத் தயங்காமல் நிராகரிக்கலாம். ஆளை நிராகரிப்பதற்கு முன்னால் ஓவனைத் திறந்து பாருங்கள்.

இனி என் ஸ்டாண்ட். பட்டறைக்காரர் சொன்னார்: "சார், மெல்லிசு பைப்புக்குப் பத்தாம் நம்பர் கனமா இருக்கும். ஓட்டை விழுந்துடும்னு பயந்து ஆம்பியரைக் கொறச்சிட்டீங்க. அடியில பெயிண்ட் வேற. மேல ஒட்டியிருக்கு, உள்ள பிடிக்கல." சொல்லிவிட்டுச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். ஒரு கால் கழன்று விழுந்தது. உடைந்த இடத்தை என்னிடம் காட்டினார். பைப்பின் ஓரம் உருகாமல் அப்படியே இருந்தது. முப்பத்திரண்டு வருஷம் நான் ரிப்போர்ட்டில் எழுதிய அதே குறை!

என் முகம் சுருங்கியதைப் பார்த்திருப்பார் போல. நாலு பன்னிரண்டாம் நம்பர் ராடும், சுரண்டிய பைப்புத் துண்டு இரண்டும் கொடுத்து, "இதுல பழகிட்டு வாங்க சார்" என்றார். காசு வாங்கவில்லை.

பழகிக்கொண்டிருக்கிறேன். அடுத்த வாரம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அதற்கு முன் அந்த ஃபிட்டரின் வீட்டுக்கு ஒரு நடை போய்வரலாம் என்றிருக்கிறேன். பத்துப் பேர் முன்னால் இல்லாவிட்டாலும், அவன் வீட்டுக்காரர்கள் முன்னாலாவது சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது.